வெல்லும், வெல்லோணும்

மகனே, போன ஞாயிற்றுக்கிழமை நீ டெலிபோனில் ஒரு கேள்வி கேட்டாய். அடுப்பில் சோறு கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நான் வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. தனியாளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் சோறு எதற்கு, பாணும் முந்தினநாள் கறியும் போதும். நீ கல்கரியிலிருந்து கேட்டது சின்னக் கேள்விதான். "அம்மா, நீங்கள் என்னை மன்னிச்சிட்டீங்களோ?" கல்யாணம் வருகிறது, மனத்தில் ஒரு பாரமும் இல்லாமல் மணவறையில் ஏற வேண்டும் என்று நினைத்திருப்பாய். வேறு தாய் என்றால் "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு, நீ சாப்பிட்டியோ?" என்று சொல்லி முடித்திருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தைப் போட்டவனே நீதான். அதனால்தான் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன், அதுவும் தமிழில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நீ அழுது அழுது போனது இதற்காவது உதவட்டும். விளங்காத சொல் வந்தால் நீ கட்டப்போகும் பிள்ளையிடம் கேள். இங்கே புரோசார்ட்டில் பிறந்து வளர்ந்தும் தன் மகள் தமிழ்ப் பத்திரிகையைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிப்பாள் என்று அவளுடைய தாய் என்னிடம் மூன்று தரம் சொல்லிவிட்டார். பெருமை அடிக்கட்டும், அடிக்க வேண்டிய பெருமைதான்.

அப்பாவுக்கு இந்த அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. அவர் அகதியாக வந்த முதல் பனிக்காலத்தில் நாலைந்து பெடியள் சேர்ந்து ஒரு சின்ன அறையில் இருந்தார்களாம். யாரோ வீதியில் போட்ட டிவியைத் தூக்கி வந்து, கம்பியை வளைத்து அன்டெனா செய்து பார்த்தால், எல்லைக்கு அந்தப் பக்கத்து அமெரிக்கச் சானல் ஒன்றுதான் தெளிவாக வந்ததாம். அதில் இந்த விளையாட்டு. பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை, வெளியே போகச் சப்பாத்தும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு முதன்முதல் விளங்கப்படுத்தியபோது, "இது வேற ஒண்டுமில்லை, எங்கட கிளித்தட்டுத்தான். கோட்டைத் தாண்டோணும், மறிக்கிறவன் மறிப்பான். பந்து மட்டும் கூட" என்றார். நான் இன்றுவரைக்கும் அந்த விளக்கத்தோடுதான் பார்க்கிறேன். அவருக்குப் பிடித்த அணி, ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரின் நீலச்சட்டைக்காரர். ஒவ்வொரு வருடமும் பிளே-ஓஃப் என்கிற கடைசிச் சுற்றுக்கு வந்து, ஆசை காட்டி, கடைசியில் தோற்றுப்போவார்கள். வேறு நல்ல அணி ஒன்றைப் பிடியுங்கோவன் என்று நான் சொன்னால், "எங்களை மாதிரிக் குளிருக்கை நிண்டு தோக்கிறவங்கள் அவங்கள்தான். எப்பிடி விடுறது?" என்பார். விசர்க் கதை. ஆனால் அந்த மனிதர் எதையும் அப்படித்தான் பிடித்தார், என்னையும் சேர்த்து.

தை மாதம் வந்தால் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டில் தைப்பொங்கல் ஒரு பக்கம், பிளே-ஓஃப் ஒரு பக்கம். அப்பாவோடு அந்தச் சின்ன அறையில் இருந்த சிவம் மாமா, பக்கத்து டொலார்டிலிருந்து காரைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஆளுக்கு ஆள் யார் வெல்லும் என்று சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னவர் அன்றைய பாத்திரம் முழுவதையும் கழுவ வேண்டும். நான் சொன்ன முறை உனக்கு நினைவிருக்கும். சட்டையில் என்ன மிருகம் போட்டிருக்கிறது என்று பார்ப்பேன். சிங்கம் அம்மனின் வாகனம், கழுகு பெருமாளின் வாகனம், காகம் என்றால் கேட்கவே வேண்டாம், சனீஸ்வரனை எதிர்த்து வென்றவன் உலகத்தில் உண்டா? வாகனம் இல்லாத அணி என்னைப் பொறுத்தவரை அரைவாசி தோற்ற அணி. நீ தலையில் அடித்துக்கொள்வாய். "அம்மா, அவையின்ரை பந்து எறியிற குவார்ட்டர்பேக்குக்கு முழங்கால் ஏலாது, காத்து எதிர்ப்பக்கம், அங்கை போய் அவை ஒருநாளும் வெண்டதில்லை" என்று வக்கீல் மாதிரி அடுக்குவாய். காகம் வென்றுவிடும். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனைக்கும் அடி சறுக்கும் மகனே என்று சொல்லிச் சொல்லி நான் சிரிக்க, நீ கோபத்தோடு பாத்திரம் தேய்ப்பாய். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். பத்து ஆட்டத்தில் எனக்கு வாகனம் கைகொடுத்தது ஒன்றோ இரண்டோ. உனக்கு அறிவு கைகொடுத்தது மிச்சம் எல்லாம். கிளிச் சாத்திரக்காரனுக்குக் கூட இவ்வளவு சரிவராது என்று சிவம் மாமா உன்னைப் பகிடி பண்ணுவார்.

நீ எப்படிப் பார்க்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். நீ அப்போது செக்கண்டரிப் பள்ளிக்கூடம். "ஆர் கெட்டிக்காரர் எண்டு நான் பாக்கிறேல்லை, அம்மா. பிளே-ஓஃபுக்கு வந்தால் எல்லாரும் கெட்டிக்காரர்தான். ஆருக்கு எங்கை நோகுது எண்டு பாப்பன்" என்றாய். காயப்பட்டவனைப் பற்றிக் கோச்மார் உண்மை சொல்லமாட்டார்களாம், சொன்னால் மற்றவன் அந்த இடத்திலேயே அடிப்பானாம். அதனால் அவர்கள் வாயிலிருந்து வருவதை எடைபோட வேண்டுமாம். "கோச் 'பாப்பம்' எண்டு சொன்னால் அந்த ஆள் விளையாடமாட்டான். விளையாடப்போற ஆளைப் பற்றி ஒருத்தரும் 'பாப்பம்' எண்டு சொல்லுறேல்லை." மீசை முளைக்காத பிள்ளை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அந்த வருடம்தான் சட்டம் வந்தது. நீலச்சட்டைக்காரருக்கு ஒரு பெரிய ஆட்டம். அப்பா கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "நீலம் வெல்லும்!" என்றார். நீ விடவில்லை. "என்னத்தை வச்சுச் சொல்லுறியள்?" என்று கேட்டாய். "இந்தமுறையெண்டாலும் வெல்லத்தானே வேணும், தம்பி." "அப்ப 'வெல்லோணும்' எண்டு சொல்லுங்கோ, அப்பா. 'வெல்லும்' எண்டு சொல்லாதேங்கோ. அது நடக்கப்போறது, இது உங்கட ஆசை. ரெண்டும் வேற." நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன், கையில் கத்தியோடு சிரித்தேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று கதைக்கக்கூடாது என்று ஊரில் பெரியவர்கள் சொன்னதைத்தான் நீ ஒரு சொல்லில் சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து 'வெல்லும்' என்று சொன்னால்தான் கணக்கில் சேர்ப்பது. 'வெல்லோணும்' என்று சொன்னவர் ஆட்டம் முடியுமுன்னே தோற்றவர், நேரே குசினிக்குப் போகலாம். அப்பா அசையவில்லை. ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிமிர்த்தி, "நீலம் வெல்லோணும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் சட்டைக் கையை மடித்துவிடுவார். தை மாதம் முழுவதும் எனக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை இருக்கவில்லை.

பிறகு அந்தச் சட்டம் வீடு முழுக்கப் பரவியது. "பஸ் வருமோ, வரோணுமோ?" என்று பனிக்குள் போகுமுன் நீ கேட்பாய். பியர்பொன்ட்ஸ் பஸ்ஸைப் பற்றி அதைவிடச் சரியான கேள்வி கிடையாது. சோதனைக்குப் போனால், "பாஸ் பண்ணுவியோ, பண்ணோணுமோ?" என்று நான் கேட்பேன். நீ யோசித்து, உள்ளதைச் சொல்லுவாய். "கணக்குப் பண்ணுவன். பிரெஞ்சு பண்ணோணும்." நீ பண்ணுவேன் என்று சொன்ன ஒன்றும் தவறியதில்லை. உன் வாயிலிருந்து 'ஓணும்' இல்லாமல் ஒரு சொல் வந்தால், நான் அதை வங்கியில் போட்ட மாதிரி நம்பினேன். இதை இங்கே எழுதுவது உன்னைக் குத்துவதற்கு அல்ல. நீ யாரோடு வாழப்போகிறாயோ, அந்தப் பிள்ளையும் ஒருநாள் உன்னை அப்படித்தான் நம்புவாள். ஒருவரை அவ்வளவு நம்புவது சுகம். நம்பப்படுகிறவனுக்கு அது எவ்வளவு பாரம் என்று நான் அந்த நாட்களில் ஒருதரமாவது யோசிக்கவில்லை.

இனி அந்த ஆஸ்பத்திரிக் கதை. நாங்கள் இருவரும் இதை ஒருநாளும் முழுதாகக் கதைத்ததில்லை. அப்பாவின் இருதயம் களைத்துப்போய்விட்டது என்று சொல்லி வைத்திருந்தார்கள். கால் வீங்கி, நாலு சொல் பேசினால் மூச்சு வாங்கியது. அதுவும் தை மாதம்தான். அந்த டொக்டர் பிள்ளை நல்ல பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். நடைவழியில் நின்று உன்னோடு பிரெஞ்சில் நெடுநேரம் கதைத்தாள். நான் பக்கத்தில் அப்பாவின் சப்பாத்துப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிரெஞ்சு உனக்குத் தெரியும்தானே? கார்தெரி என்கிற காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவளுடைய பிரெஞ்சு, மூன்று வயதுப் பிள்ளையின் பிரெஞ்சு. இன்னும் வேணும், முடிஞ்சுது, சுடுது, அம்மா எப்ப வருவா. அவள் சொன்ன பெரிய சொற்கள் எதுவும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் கடைசியில் நீ ஏதோ கேட்க, அவள் உன் கையைத் தொட்டு ஒன்று சொன்னாள். "ஓன் வா வுவார்." அது எனக்கு விளங்கியது. கார்தெரியில் தினமும் கேட்கிற வார்த்தை. பிள்ளைகள் வெளியே பனியில் விளையாடப் போகலாமா என்று கேட்டால், அங்குள்ள ஆசிரியைகள் இல்லை என்று சொல்லிப் பிள்ளையை அழவிடமாட்டார்கள். "ஓன் வா வுவார்" என்பார்கள். பார்ப்போம் என்று அர்த்தம். கேட்ட பிள்ளைக்கே தெரியும், அன்றைக்குப் பனியும் இல்லை, விளையாட்டும் இல்லை என்று.

 "என்னவாம்?" என்று கேட்டேன். நீ என் பக்கம் திரும்பினாய். "அப்பா வீட்டை வருவார், அம்மா." நான் உன் முகத்தைப் பார்த்தேன். "வருவாரோ?" என்று மறுபடி கேட்டேன். சட்டம் உனக்குத் தெரியும். நான் எதைக் கேட்கிறேன் என்பதும் உனக்குத் தெரியும். அந்த இடத்தில் நீ "வரோணும்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் அந்தச் சுவரில் சாய்ந்து அழுதிருப்பேன், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், அவருடைய கட்டிலை விட்டு அசையாமல் இருந்திருப்பேன். நீ "வருவார்" என்றாய், கண்ணைக்கூட இமைக்கவில்லை. என் காது கேட்டது ஒன்று, என் பிள்ளை சொன்னது ஒன்று. நான் பிள்ளையை நம்பினேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த உசாரை நீ பார்த்தாய்தானே? படியேற அவருக்கு ஏலாது என்று, கட்டிலைக் கீழே இறக்கி டிவிக்கு நேரே போடப் பார்த்தேன். புதுத் தலையணை வாங்கினேன். உப்பில்லாமல் சமைக்கப் பழகினேன். ஆஸ்பத்திரிக்குப் போவேன், நிற்பேன், அடுத்த வேலை நினைவுக்கு வர ஓடி வந்துவிடுவேன். ஒருநாள் பின்னேரம் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இஞ்சை இரும். உம்மோடை ஒரு கதை கதைக்கோணும்" என்றார். சொல்லி முடிக்குமுன் மூச்சு வாங்கியது. நான் போர்வையை இழுத்துவிட்டேன். "இப்ப கதைச்சுக் களைக்காதேங்கோ. வீட்டை வந்து ஆறுதலாக் கதைப்பம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, வீட்டை வந்து கதைப்பம்" என்று சொல்லிக் கையை விட்டார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். சிரிக்காமலும் இருந்திருக்கலாம். நான் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை நீ அவரோடு நின்றாய், நான் வீட்டில் நின்றேன். நீலச்சட்டைக்காரருக்குப் பின்னேரம் ஆட்டம் இருந்தது, நீ உன்னுடைய கைத்தொலைபேசியில் அவருக்குப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாய். நான் முன்னறைத் திரைச்சீலைகளைக் கழட்டித் தோய்த்தேன். தூசி அவருக்குக் கூடாது. காய்ந்தவற்றைக் கதிரையில் ஏறி நின்று மாட்டிக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. வெளியே பொழுது பட்டுவிட்டது, எதிர்வீட்டுக்காரன் பனியை இயந்திரத்தால் தள்ளிக்கொண்டிருந்தான், அந்தச் சத்தத்தில் முதலில் எனக்குக் கேட்கவில்லை. நீ "அம்மா" என்றாய்.  நான் கதிரையிலிருந்து இறங்கி, கையில் இருந்த சீலையை மடித்து மேசையில் வைத்தேன். ஏன் மடித்தேன் என்று தெரியவில்லை. அந்த விளையாட்டில் தோற்றவர்கள் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்று அவர் சொல்லுவார். என் மனிதர் மட்டும் வரவில்லை.

பிறகு நான் உன்னிடம் சொன்னது உனக்கும் எனக்கும் மட்டுமா தெரியும், செத்தவீட்டு மண்டபத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, "வருவார் எண்டுதானே சொன்னனீ!" என்று கத்தினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த கையோடு கல்கரியில் வேலை என்று போனாய். அதற்குப் பிறகு எந்தத் தை மாதமும் நீ வரவில்லை. எனக்கும் வா என்று கூப்பிட வாய் வரவில்லை. ஊரார் நினைத்தார்கள், துக்கத்தில் கத்திவிட்டாள் என்று. துக்கம் மட்டும் இல்லை, மகனே. உனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டே என்னிடம் மறைத்தாய் என்று நினைத்தேன். கோச்சின் வாயிலிருந்து வருகிற 'பார்ப்போம்' என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. டொக்டரின் வாயிலிருந்து வந்த 'பார்ப்போம்' உனக்கு விளங்காமலா போயிருக்கும்? அம்மா தாங்கமாட்டாள் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னாய் என்று நினைத்தேன். அவர் கதைக்க வந்த அந்த ஒரு கதையை என்னிடமிருந்து நீ பறித்துவிட்டாய் என்று நினைத்தேன். அது என்ன கதையாக இருந்திருக்கும் என்று சட்டி கழுவும்போது யோசிப்பேன். கார் டயரைப் பற்றியதாகவும் இருக்கலாம். நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் வாயால் கேட்கக் காத்திருந்த ஒன்றாகவும் இருக்கலாம்.

இந்தத் தை மாதம் சிவம் மாமா வாசல் பனியை அள்ளித்தர வந்தார். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டேன். டிவியில் பிளே-ஓஃப் போய்க்கொண்டிருந்தது. நான் இப்போதும் போட்டுவிடுவேன், சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "உங்கட மோன் இருந்தால் சொல்லுவான், ஆர் வெல்லும் எண்டு. ஒருக்காத்தான் அக்கா அவன் மோசமாப் பிழைவிட்டவன்" என்றார். எப்ப என்று கேட்டேன். அவர் சொல்லலாமா விடலாமா என்று கோப்பையைச் சுற்றினார். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவரும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாராமே. "அண்ணை கேட்டவர், 'ஆர் வெல்லும், தம்பி?' எண்டு. இவன் 'நீலம் வெல்லும், அப்பா' எண்டான். எனக்குத் தலை சுத்திச்சு. அவங்கட குவார்ட்டர்பேக்குக்குத் தோள் ஏலாது, கோச்சே 'பாப்பம்' எண்டு சொல்லிப்போட்டார், சின்னப் பிள்ளைக்கும் தெரியும் தோக்கப்போறாங்கள் எண்டு. சரி, தேப்பனைச் சந்தோசப்படுத்தச் சொல்லுறான் எண்டு நினைச்சன். வெளியிலை கூப்பிட்டுக் கேட்டன். 'ஏன்டா, அப்பாவுக்காகவோ சொன்னனீ?' என்னோடை சண்டைக்கு வாறான், அக்கா! 'இல்லை மாமா, நான் எல்லாம் பாத்திட்டன், வெல்லும், நிச்சயமா வெல்லும்' எண்டு. அந்த நடைவழியிலை என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. ஆருக்கு நடிக்கப்போறான்? நம்பித்தான் சொன்னவன். அண்டைக்கு அவங்கள் வாங்கின அடி அந்த மாதிரி."

அவர் போன பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவக் குசினிக்குப் போனேன். எனக்கு அப்போதுதான் விளங்கியது, மகனே. உனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. யாருக்கு எங்கே நோகிறது என்று தூரத்தில் இருந்தே கண்டுபிடிக்கிறவனுக்கு, கட்டிலில் கிடந்த தன் தகப்பனுக்கு எங்கே நோகிறது என்று கண் தெரியவில்லை. என்னிடம் "வருவார்" என்று சொன்னபோது நீ மறைக்கவில்லை. நடக்கப்போவதும் ஆசையும் வேறு வேறு என்று வீட்டுக்கே சொல்லித்தந்த பிள்ளை, அந்தக் கிழமை முழுவதும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு திரிந்திருக்கிறாய். வீட்டில் அப்பா அத்தனை வருடமும் செய்ததை அன்று நீ செய்தாய். அவராவது 'வெல்லோணும்' என்று ஒப்புக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார். உனக்கு அந்தச் சொல்கூட வாயில் வரவில்லை, பாவம் பிள்ளை. நான் உன்னைப் பார்த்துக் கத்தியபோது நீ ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. நீயே நம்பி ஏமாந்தவன், எனக்கு என்னத்தைச் சொல்லுவாய்?

கோபம் போனால் நெஞ்சு லேசாகும் என்று எல்லோரும் சொல்லுவார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. இத்தனை காலமும் உன் மேல் இருந்த கோபம் எனக்கு ஒரு துணையாக இருந்திருக்கிறது. காலையில் எழும்பினால் அது இருக்கும், கார்தெரிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும். அது போனதும் அவர் இல்லை என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது. சிவம் மாமா வந்துபோன அன்றைக்கு அழுததுபோல் நான் அவருக்காகச் செத்தவீட்டில்கூட அழவில்லை. உன்னைத் திட்டுவதிலேயே அந்த அழுகை கழிந்து போயிருந்தது.

நீ கட்டப்போகும் பிள்ளை உன்னிடம் கேட்பாள். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்குமா, வேலை நிலைக்குமா, எங்களுக்கு நல்லது நடக்குமா என்று கேட்பாள். நீ எப்போதும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்லப் பழகு. தெரியாது என்று நீ சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை, சொல்ல நாங்கள் விடவும் இல்லை. அவளையும் அவள் காதை நம்பச் சொல். யாராவது கதைக்க வேண்டும் என்று கையைப் பிடித்தால், மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, பஸ் போனாலும் பரவாயில்லை, அந்த இடத்திலேயே இருந்து கேளுங்கள், இருவரும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ பொய் சொல்லவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். அப்படியானால் மன்னிக்க என்ன இருக்கிறது என்று என் அறிவு கேட்கிறது. ஆனால் அவர் என் கையை விட்ட அந்த நேரம் நினைவில் வரும்போதெல்லாம், அதற்குப் பின்னால் உன் குரல் "வருவார்" என்று கேட்கிறது. அது நிற்கவில்லை. நின்றுவிட்டது என்று உனக்கு எழுதினால் நீ முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாய். அதனால் நான் எழுதக்கூடியது இவ்வளவுதான். உன்னை நான் மன்னிக்கோணும், மகனே. எனக்கு அதைவிடப் பெரிய ஆசை இந்த உலகத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று. கலியாணத்தன்று தாரை வார்க்கிற இடத்தில், எனக்கும் அப்பாவுக்கும் பதிலாகப் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்கட்டும் என்று உறவுக்குள் கதைத்து முடித்துவிட்டார்கள். தனித்துப்போனவள் மணவறைக்குக் கிட்ட நிற்பது வழக்கம் இல்லை என்கிறார்கள். நானும் தலையை ஆட்டியிருந்தேன். நேற்றுப் பெரியம்மா டெலிபோன் எடுத்து, நீ அவர்களோடு சண்டை பிடித்ததாகச் சொன்னார். "'அம்மாதான் நிக்கோணும், வேற ஒருத்தரும் வேண்டாம்' எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறான். அவன்ரை ஆசை விளங்குது. ஆனால் நாலுபேர் பாக்கிற இடம். நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இரவெல்லாம் யோசித்தேன். நாலுபேர் பார்ப்பார்கள். என் பக்கத்தில் ஓர் இடம் வெறுமையாக இருப்பதையும் பார்ப்பார்கள். என் கால் நடுங்கும், நான் அழுவேன், ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். இதெல்லாம் நடக்கும், எனக்குத் தெரியும். காலையில் பெரியம்மாவுக்குச் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்கிறேன்.

நான் நிற்பேன்.

அம்மா